பெர்கின்ஸ் பிரெய்லர்: பார்வையற்ற பிள்ளையின் மேசையில் இருக்க வேண்டிய கருவியா?

பார்வையற்ற பிள்ளைக்கு எழுதக் கொடுப்பது என்றால் நம் ஊர்ப் பள்ளிகளில் பெரும்பாலும் சிலேட்டும் ஸ்டைலஸும்தான், அதாவது கட்டங்கள் வரிசையாக உள்ள பிரெய்ல் சட்டமும் புள்ளி குத்தும் ஊசியும். விலை குறைவு, புத்தகப் பைக்குள் அடங்கும், பழுது என்று பெரிதாக ஒன்றும் வராது. விசைகளை அழுத்திப் பிரெய்ல் எழுதும் தட்டச்சு இயந்திரமான பெர்கின்ஸ் பிரெய்லர் எல்லா வகையிலும் இதற்கு எதிர். விலை அதிகம், எடை 4.8 கிலோ, ஒவ்வொரு அழுத்தலுக்கும் சத்தம் போடும், பழுதானால் வீட்டில் சரிசெய்ய முடியாது. ஆனாலும் தொடக்கப் பள்ளி வயதில் இதைவிட நல்ல எழுதுகருவி ஒரு பிள்ளைக்குக் கிடைக்காது. எழுதிய எழுத்தை எழுதிய அந்த நொடியிலேயே விரலால் தடவி வாசிக்கலாம் என்ற ஒரே காரணம் போதும்.

சிலேட்டில் அது முடியாது. காகிதத்தின் பின்பக்கத்திலிருந்து புள்ளியைக் குத்த வேண்டும். அதனால் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுத வேண்டும். வாசிக்கக் காகிதத்தை எடுத்துப் புரட்ட வேண்டும். தமிழில் இது கொடுக்கும் குழப்பம் கொஞ்சமல்ல. பிரெய்லின் ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு புள்ளிகளுக்கு இடம் உண்டு: இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் ‘ல’ என்பது 1, 2, 3 ஆம் புள்ளிகள், அதாவது கட்டத்தின் இடப்பக்கம் முழுவதும். ‘ள’ என்பது 4, 5, 6, வலப்பக்கம் முழுவதும். ஒன்றைத் திருப்பினால் மற்றது. ‘இ’ (2, 4) திரும்பினால் ‘ஏ’ (1, 5) ஆகிவிடும். எழுத்தே இன்னும் மனத்தில் பதியாத ஆறு வயதில், வாசிக்க ஒரு வடிவம், எழுத அதன் தலைகீழ் என்று இரண்டையும் சுமக்கச் சொல்கிறோம். பிரெய்லரில் ‘ல’ என்றால் இடக்கை மூன்று விரல்கள், ‘ள’ என்றால் வலக்கை மூன்று விரல்கள். வாசிக்கும் வடிவம்தான் அழுத்தும் வடிவமும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாட்டர்டவுனில் உள்ள பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் மரவேலை கற்பித்த டேவிட் ஆபிரகாம் வடிவமைத்த இயந்திரம் இது. முதல் மாதிரி 1930களின் இறுதியில் தயாராகிவிட்டது. போர் குறுக்கிட்டதால் உற்பத்தி 1951இல்தான் தொடங்கியது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் ஏற்கப்பட்டதும் அதே 1951தான். நமக்கு இதில் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. வேலூரை அடுத்த காட்பாடியில் இயங்கும் வொர்த் டிரஸ்ட், பெர்கின்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து இந்த இயந்திரத்தைத் தயாரிக்கிறது. 1960களில் தொழுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கிய மறுவாழ்வு மையம் அது. இன்றும் மாற்றுத்திறனாளிகள் வேலை செய்யும் பட்டறை. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு இதனால் நேரடிப் பயன் இருக்கிறது. உதிரிபாகத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் கடல் கடந்து காத்திருக்க வேண்டியதில்லை.

இயந்திரத்தின் முன்பக்கம் மொத்தம் ஒன்பது விசைகள். நடுவில் நீளமாக இருப்பது இடைவெளி விசை. அதற்கு இடப்பக்கம், நடுவிலிருந்து வெளிப்புறமாக 1, 2, 3. வலப்பக்கம் அதேபோல் 4, 5, 6. இடக்கோடியில் அடுத்த வரிக்குப் போகும் விசை, வலக்கோடியில் பின்னோக்கி நகர்த்தும் விசை. மேலே தட்டச்சுத் தலையை வரியின் தொடக்கத்துக்கு இழுக்கும் நெம்புகோல், இரு பக்கமும் காகிதத்தைச் சுருட்டும் குமிழ்கள், காகிதத்தைப் பிடித்துவிடும் இரண்டு சிறு நெம்புகோல்கள். மின்சாரம் கிடையாது, பேட்டரி கிடையாது. மின்வெட்டு உள்ள ஊரில் இதன் அருமை தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காகிதம் போடுவதில்தான் முதல் வாரத்துத் தொல்லை முழுவதும். பிடிப்பு நெம்புகோல்கள் இரண்டையும் தன் பக்கமாக இழுத்துத் திறக்க வேண்டும். காகிதத்தை இடப்பக்க ஓரத்தில் ஒட்டி நேராக உள்ளே விட வேண்டும். நெம்புகோல்களை மறுபடி பின்னுக்குத் தள்ளி மூட வேண்டும். குமிழைத் தன் பக்கமாக, தானே நிற்கும் வரை சுருட்ட வேண்டும். பிறகு வரி விசையை ஒருமுறை அழுத்த வேண்டும். இந்தக் கடைசி அழுத்தலைத்தான் பிள்ளைகள் மறக்கிறார்கள். மறந்தால் காகிதம் தன் வரியில் பூட்டிக்கொள்ளாது, முதல் வரி சாய்ந்தோ நகர்ந்தோ விழும். நெம்புகோலைச் சரியாக மூடாவிட்டால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ‘மிஷின் ரிப்பேர்’ என்று ஓரங்கட்டப்படும் இயந்திரங்களில் பழுதே இல்லாதவையும் உண்டு. காகிதம் போடும் முறை தெரியாதது மட்டுமே அங்கே குறை.

வேகத்தைப் பார்ப்போம். ‘பள்ளிக்கூடம்’ என்ற சொல் அச்சில் ஏழு எழுத்து. பாரதி பிரெய்லில் மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளிக்கு ஒரு கட்டம் (4 ஆம் புள்ளி, மெய்க்கு முன்னால் வரும்), உயிர்க்குறிக்கு ஒரு கட்டம் என்று பிரிவதால் பன்னிரண்டு கட்டம் ஆகிறது. அந்தப் பன்னிரண்டு கட்டத்துக்குள் இருக்கும் புள்ளிகள் 31. சிலேட்டில் 31 முறை குத்த வேண்டும், அதுவும் திருப்பி. பிரெய்லரில் 12 அழுத்தல். ‘ட’ ஒன்றுக்கே ஐந்து புள்ளி. இங்கே அது ஒரே அழுத்தல். ஒரு பத்தி எழுதி முடிக்கையில் கை சோர்ந்துபோன பிள்ளைக்கும் சோராத பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு இந்தக் கணக்கில் இருக்கிறது. சிலேட்டில் கட்டுரை எழுத மறுக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லும் முன் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

எல்லா விரல்களும் ஒரே சமயத்தில் இறங்கி ஒரே சமயத்தில் எழ வேண்டும். ஒரு விரல் முந்தினால் அந்தப் புள்ளி தனிக்கட்டமாக விழுந்து மீதி அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். அடிக்கடி மங்குவது 3 ஆம் புள்ளியும் 6 ஆம் புள்ளியும், ஏனென்றால் அவை மோதிர விரல்களின் வேலை. ‘ட’, ‘ண’, ‘ய’ மூன்றிலும் அந்த இரண்டு புள்ளிகளும் சேர்ந்தே வருவதால் தமிழ் எழுதும் பிள்ளைக்கு இது உடனே தெரிந்துவிடும். எழுத்துக்குப் போகும் முன் ஒரு வாரம் முழுக் கட்டம் (ஆறு புள்ளியும்), பிறகு 3–6 மட்டும், பிறகு ‘ல’–‘ள’ மாற்றி மாற்றி என்று வரிவரியாக அழுத்தப் பழக்குவது நல்லது. விடுபட்ட புள்ளியைச் சேர்ப்பது எளிது: பின்னோக்கு விசையை ஒருமுறை அழுத்தி, விட்டுப்போன விசையை மட்டும் தட்டினால் போதும். கூடுதலாக விழுந்த புள்ளிதான் சிக்கல். அதை மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன அழிப்பானால் தேய்த்து அமுக்க வேண்டும். தடம் எப்படியும் விரலுக்குத் தெரியும். தேர்வில் அழிக்கவே வேண்டாம். தவறான சொல்லின் மேல் முழுக் கட்டங்களை அழுத்திவிட்டு அடுத்து எழுதுவதே வேகமானது.

வரி முடிய ஏழு கட்டம் இருக்கும்போது மணி அடிக்கும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழ்ச் சொல்லுக்குப் பல நேரம் போதாது. ‘பள்ளிக்கூடம்’ பன்னிரண்டு கட்டம் என்று பார்த்தோம், ‘பள்ளிக்கூடத்திலிருந்து’ என்றால் இன்னும் நீளும். மணி அடித்தால் நடப்புச் சொல்லை முடி, முடியாதென்றால் அதை அடுத்த வரியில் தொடங்கு என்று முதலிலேயே பழக்க வேண்டும். இல்லாவிட்டால் சொற்கள் கண்ட இடத்தில் உடையும்.

கணக்குப் பாடத்தில் இந்தக் கருவியின் பயன் இன்னும் பெரியது, அதைச் சொல்பவர்கள் குறைவு. 47உடன் 38ஐக் கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியில் 47, அதற்கு நேர் கீழே 38, அடுத்த வரியில் 2–5 புள்ளிகளால் ஒரு கோடு. தலையை ஒன்றின் இடத்துக்கு நேராகக் கொண்டுவந்து 5 எழுதி, பின்னோக்கு விசையை இருமுறை அழுத்தி, பத்தின் இடத்தில் 8. ஒவ்வொரு படியிலும் மேலே உள்ள இலக்கத்தை இடக்கை விரல் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். சிலேட்டில் இப்படிச் செய்ய வழியே இல்லை. டெய்லர் பிரேமும் (எண் கட்டைகளைக் குழிகளில் செருகும் பலகை) அபாகஸும் (மணிச்சட்டம்) விடை கண்டுபிடிக்க உதவும், ஆனால் செய்த படிகள் காகிதத்தில் நிற்காது. ஆசிரியர் எங்கே தவறு நேர்ந்தது என்று பார்த்துச் சொல்லவும் முடியாது. பார்வையற்ற பிள்ளைக்குக் கணக்கு வராது என்று எட்டாம் வகுப்பில் முடிவு கட்டுவதற்கு, இரண்டாம் வகுப்பில் படிகளை எழுத இடம் கொடுக்காததும் ஒரு காரணம்.

காகிதத்தில் சிக்கனம் பார்த்தால் இயந்திரம் வீண். 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) நகல் தாளில் புள்ளி கிழிந்து ஓட்டையாகும், அல்லது இரண்டு முறை தடவியதும் படுத்துவிடும். 120 முதல் 140 ஜிஎஸ்எம் வேண்டும். 11.5 அங்குல அகலமும் 11 அங்குல உயரமும் உள்ள தாளில் வரிக்கு 42 கட்டம், பக்கத்துக்கு 25 வரி வரும். கடையில் எளிதாகக் கிடைக்கும் ஏ4 அளவில் கெட்டித் தாள் வாங்கினால் வரிக்கு முப்பதைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அப்போது பின்பக்கத்து வலது ஓர நிறுத்தியைத் தாளின் அகலத்துக்கு நகர்த்தி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் தலை தாளைத் தாண்டிப் போய்விடும், வரியின் கடைசி எழுத்துகள் எங்கும் பதியாது, பிள்ளைக்குத் தெரியவும் தெரியாது. நாளுக்கு ஐந்து தாள் என்று வைத்தாலும் 200 பள்ளி நாளுக்கு ஆயிரம் தாள் ஆகும். வாங்கும்போதே இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

எடையைப் பற்றி மழுப்பக் கூடாது. ஆறு வயதுப் பிள்ளையின் எடையே சுமார் 20 கிலோ. அதில் கால் பங்குக்கு நெருக்கமான இயந்திரத்தைத் தினமும் தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்ல முடியாது. அது வகுப்பறையில் ஒரே மேசையில் நிலையாக இருக்க வேண்டும். வீட்டுப்பாடத்துக்கு வீட்டில் இன்னொன்று, முடியாவிட்டால் வீட்டில் சிலேட்டு. மேசை முழங்கை உயரத்தில், சமதளமாக இருக்க வேண்டும். நம் பள்ளிகளின் சாய்வு பெஞ்சில் வைத்தால் சறுக்கும். விழுந்தால் உள்சட்டம் கோணி, வரிகள் கோணலாகும். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் சறுக்கலும் நிற்கும், சத்தமும் ஓரளவு குறையும். சத்தத்துக்காகப் பிள்ளையை வகுப்பின் கடைசி மூலைக்குத் தள்ளும் வழக்கம் இருக்கிறது. ஆசிரியரின் குரல்தான் அந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை. முன் வரிசையின் ஓரம்தான் சரியான இடம்.

பராமரிப்பு எளிது, ஆனால் தவறக் கூடாது. வேலை முடிந்ததும் காகிதத்தை எடுத்துவிட்டு, பிடிப்பு நெம்புகோல்களைத் திறந்த நிலையில் விட்டு, உறை போட்டு மூட வேண்டும். தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது. எண்ணெயோடு தூசி சேர்ந்தால் ஊசிகள் ஒட்டிக்கொள்ளும். ஒரு புள்ளி மட்டும் எல்லா எழுத்திலும் மங்கினால் ஊசியில் அழுக்கு அல்லது வளைவு. தலை நகராமல் ஒரே இடத்தில் எழுத்து விழுந்தால் நகர்த்தும் பகுதியில் கோளாறு. இரண்டுக்கும் பயிற்சி பெற்ற மெக்கானிக் வேண்டும். திருப்புளியோடு திறப்பவர்களிடம் கொடுத்தால் திரும்பச் சேர்ப்பது கடினம், உள்ளே இருக்கும் பாகங்கள் அவ்வளவு.

இனி யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி. பெற்றோர் கடன் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 17, உட்பிரிவு ‘ஜி’. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற மாணவருக்கு 18 வயது வரை புத்தகம், கற்றல் பொருள், தகுந்த உதவிக் கருவிகள் ஆகியவற்றைக் கட்டணமின்றி வழங்க அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அது. தலைமையாசிரியருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். யூடிஐடி அட்டையின் (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) நகலை இணையுங்கள். பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். வட்டார வள மையத்துக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் நகல் அனுப்பி, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிட அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. விண்ணப்பத்தில் ‘பிரெய்லர்’ என்று ஒற்றைச் சொல் எழுதாதீர்கள். இயந்திரம், ஓராண்டுத் தேவைக்கான காகிதம், அழிப்பான், உறை, சிறப்பாசிரியருக்குப் பயிற்சி, ஆண்டுக்கொரு முறை சர்வீஸ் என்று ஆறையும் எழுதுங்கள்.

கொள்கை சறுக்கும் இடமும் இதுதான். ஒருங்கிணைந்த கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் சிறப்புத் தேவை உள்ள ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்பது ஒதுக்கீட்டு அளவு. பெண் குழந்தைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதம் தரும் உதவித்தொகையும் அதற்குள்ளேயே அடக்கம். மீதமுள்ள 1,500 ரூபாயில் ஒரு பெண் குழந்தைக்கு எந்தப் பிரெய்லர் வரும்? பல குழந்தைகளின் ஒதுக்கீட்டைச் சேர்த்து மாவட்ட அளவில் வாங்கினால்தான் இயந்திரம் வரும். அப்படி வந்ததும் அது இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. பழுதானால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பீரோவுக்குள் போகிறது. தலைமையாசிரியர்கள் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள்: இருப்புப் பதிவேட்டில் இயந்திரம் எந்த மாணவர் பெயருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று எழுதி, பயன்பாட்டுத் தேய்மானம் குறையல்ல என்று குறிப்பும் சேர்த்துவிடுங்கள். தணிக்கையில் பதில் சொல்ல அது போதும்.

இன்னொரு தடை, வகுப்பாசிரியருக்குப் பிரெய்ல் வாசிக்கத் தெரியாது. சிறப்பாசிரியர் பல பள்ளிகளைச் சுற்றி வருபவர், தினமும் இருக்கமாட்டார். அதுவரை பிள்ளை எழுதியது திருத்தப்படாமல் கிடக்கும். சில வாரத்தில் எழுதும் ஆசையே போய்விடும். இதற்குச் செலவில்லாத வழி: வகுப்பாசிரியரின் மேசையில் பாரதி பிரெய்ல் எழுத்து அட்டை ஒன்று. தமிழுக்கு உயிரும் மெய்யும் வடமொழி எழுத்துகளும் சேர்த்தாலும் நாற்பது வடிவங்களுக்குள் முடிந்துவிடும். கண்ணால் பார்த்து வாசிக்க விரல் பயிற்சி தேவையில்லை. ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதச் சொன்னால், வெற்று வரியில் அச்செழுத்தைப் பேனாவால் எழுதித் திருத்தலாம்.

தேர்வு விஷயத்தில் விதி பிள்ளையின் பக்கம் இருக்கிறது. மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பிரெய்ல், கணினி, பெரிய எழுத்து, ஒலிப்பதிவு என எந்த முறையில் எழுதுவது என்ற தெரிவை முடிந்தவரை தேர்வருக்கே விட வேண்டும் என்றிருந்தது. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்றும் அது சொன்னது. மூன்று மணி நேரத் தேர்வென்றால் ஒரு மணி நேரம். பிரெய்லரில் எழுத விரும்பினால் தனி அறையும், விடைத்தாளை அச்சுக்கு மாற்ற ஆளும் தேவை என்று கல்வியாண்டின் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்க வேண்டும். மாற்ற ஆள் கிடைக்காத இடத்தில் பொதுத்தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் பள்ளியின் மாதத் தேர்வும் பருவத் தேர்வும் பிரெய்லரிலேயே நடக்கட்டும். வாய்மொழியாகச் சொல்லியும் காதால் கேட்டுமே பத்தாம் வகுப்பு வரை வந்த பிள்ளைக்கு ‘பழம்’ எந்த ழகரம், ‘பள்ளம்’ எந்த ளகரம் என்று ஒருநாளும் எழுதிப் பார்க்க வாய்ப்பே கிடைத்திருக்காது. கண் தெரிந்த பிள்ளைக்கு நாம் இதை ஒப்புக்கொள்வோமா?

மடிக்கணினியில் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மேல்நிலை வகுப்புக்கு அந்தக் கேள்வி நியாயம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் மடிக்கணினிதான் முதன்மைக் கருவியாக வேண்டும், பிரெய்லர் கணக்குக்கும் குறிப்புக்கும் போதும். மின்னணுப் பிரெய்ல் கருவிகளில் ஆர்பிட் ரீடர் 20 போன்றவை இலேசானவை, புத்தகங்களைச் சேமித்து வாசிக்க மிக நல்லவை; ஆனால் ஒரு நேரத்தில் இருபது கட்டம் மட்டுமே விரலுக்குக் கிடைக்கும். மேல் வரி, கீழ் வரி என்று ஒரு பக்கத்தின் அமைப்பைச் சிறு பிள்ளை புரிந்துகொள்ள அது உதவாது.

விரல் வலு குறைந்த பிள்ளைக்கு, குறிப்பாகப் பெருமூளை வாதமும் சேர்ந்து இருந்தால், இந்த வழக்கமான மாடலை வாங்காதீர்கள். விசைகள் கடினம், பிள்ளை வெறுத்துவிடும். ஒரு கையால் எழுதுவதற்கென்றே தனி மாடல் உண்டு, விசையின் நீளத்தைக் கூட்டும் இணைப்புகளும் உண்டு. 2008இல் வந்த இலகு மாடலின் எடையும் சத்தமும் குறைவு. முடிந்தால் சென்னைக்கு அருகே பூந்தமல்லியில் உள்ள பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையத்திலோ அருகிலுள்ள பார்வையற்றோர் பள்ளியிலோ பிள்ளையை உட்காரவைத்து அழுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

புதிதோ பழையதோ, கையில் வாங்கிய அன்றே சோதியுங்கள். முதல் தாளில் 25 வரியும் முழுக் கட்டம். கண்ணை மூடித் தடவினால் எல்லாப் புள்ளியும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். அடுத்த தாளில் ஆறு வரி, வரிக்கு ஒரு விசை மட்டும். வரி இடைவெளி மேலிருந்து கீழ்வரை மாறாமல் இருக்கிறதா, மணி அடிக்கிறதா, பின்னோக்கு விசை ஒரே கட்டம் நகர்த்துகிறதா என்று பாருங்கள். பழைய இயந்திரத்தில் உருளையின் ரப்பர் வழவழத்திருந்தால் காகிதம் நழுவும். அதை மாற்றித் தரச் சொல்லி, மாற்றிய பிறகு பணம் கொடுங்கள். மற்றபடி முப்பது ஆண்டுப் பழைய இயந்திரம் என்றாலும் தயங்க வேண்டாம். நன்றாகச் சர்வீஸ் செய்யப்பட்டிருந்தால் இன்னொரு பிள்ளையின் பள்ளிப் படிப்பு முழுவதற்கும் அது தாங்கும்.